மதுரைக்குள் நடந்து பார்க்க, நடந்து வாங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மதுரைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். மீனாட்சியைக் கும்பிட்டு, வாசலில் குங்குமம் வாங்கி, ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு ராமேசுவரத்துக்கோ கொடைக்கானலுக்கோ வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். கோயிலைச் சுற்றியிருக்கும் ஊரைப் பார்க்காமல் போவது பெரிய இழப்பு. இங்கே பழைய கட்டடமும் கடைத்தெருவும் தனித்தனியாக இல்லை. ஜவுளிக்கடைச் சந்துக்குள் அரண்மனைத் தூண் நிற்கும், பாத்திரக்கடைக்குப் பின்னால் கட்டி முடிக்காத கோபுரம் இருக்கும். நண்பர்களும் உறவினர்களும் வருவதற்கு முன் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

பழைய மதுரையை நடந்தே பார்த்துவிட முடியுமா?

முடியும். சொல்லப்போனால் நடந்தால்தான் பார்க்க முடியும். கோயில் நடுவில் இருக்கிறது. அதைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெருக்கள். மதிலுக்கு உள்ளேயே ஆடி வீதிகள், மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள், அதற்கடுத்து ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள், கடைசியாக வெளி வீதிகள். ஒவ்வொரு சதுரத்துக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு பக்கம். தாமரைப்பூவின் இதழடுக்கு போல இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நடக்கும்போதுதான் அது எவ்வளவு சரி என்று தெரியும்.

சித்திரை வீதிகளை ஒரு சுற்று வர ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை, கல் பாவிய தரை, குழந்தைகளை விட்டால்கூடப் பயமில்லை. மாசி வீதிகளைச் சுற்ற நிற்காமல் நடந்தாலே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிற்காமல் நடக்க யாராலும் முடியாது என்பது வேறு விஷயம். சித்திரைத் திருவிழாவில் தேர் ஓடுவது இந்த மாசி வீதிகளில்தான்.

வெளி வீதிகள் நடப்பதற்கு அவ்வளவு சுகமில்லை. பஸ்ஸும் லாரியும் அங்கேதான். ஆனால் அவை எப்படி வந்தன என்பதைத் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்த ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. பிளாக்பர்ன் என்ற ஆங்கிலேயக் கலெக்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊர் பெருக இடம் செய்தார். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள்தாம் இன்றும் பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்று வழங்குகின்றன. பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குக் கம்பம்தான் விளக்குத்தூண். இன்று அது ஒரு கம்பம் மட்டுமில்லை, சுற்றியிருக்கும் கடைத்தெரு முழுவதற்குமே அதுதான் பெயர். கோட்டையின் மிச்சம் ஒன்றைப் பார்க்க விரும்பினால் பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே மேல வாசலில் ஒரு கொத்தளம் நிற்கிறது. அதற்கும் முந்தைய பாண்டியர் கோட்டையின் வாசல் என்று சொல்லப்படும் விட்டவாசல், அம்மன் சன்னதிக்கு நேர் கிழக்கே நடந்தால் வரும். பலர் அதன் கீழே புகுந்து போய்விட்டு அது என்னவென்று கேட்காமலே போகிறார்கள்.

வழி தவறிவிட்டால்?

தலையைத் தூக்கிக் கோபுரத்தைப் பாருங்கள். வெளிக் கோபுரங்கள் நான்கில் தெற்குக் கோபுரம்தான் உயரம், 1559-இல் கட்டியது. வடக்குக் கோபுரத்தை மொட்டைக் கோபுரம் என்பார்கள். நெடுங்காலம் மேல்தளங்கள் முடிக்கப்படாமல் நின்றதால் வந்த பெயர். கோபுரம் மறைந்துபோன சந்தில் யாரிடமாவது "மாசி வீதிக்கு எப்படிப் போகணும்ணே?" என்று கேட்டால் போதும், வழி சொல்வதோடு கொஞ்ச தூரம் கூடவே வந்து காட்டிவிட்டும் போவார்கள்.

ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டுமா?

வேண்டாம். மதுரை சந்திப்பின் எதிரே டவுன்ஹால் ரோடு. அதில் நேராகக் கிழக்கே நடந்தால் கோயில் ஒரு கிலோமீட்டர்தான். மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் மட்டும் பெரியார் நிலையத்துக்கு நகரப் பேருந்து ஏற வேண்டும். கனமான பையை விடுதியிலோ ரயில் நிலையப் பொருள் காப்பகத்திலோ போட்டுவிட்டு வாருங்கள். தோளில் சுமையோடு மாசி வீதியில் நடப்பது உங்களுக்கும் சிரமம், எதிரே வருகிறவருக்கும் சிரமம்.

கோயிலுக்கு எப்போது போவது? செல்போனை என்ன செய்வது?

அதிகாலையில் போங்கள். நடை மதியம் பன்னிரண்டரை மணியளவில் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். வெளியூரார் பலர் பதினொன்றரைக்கு வந்து வரிசையில் தவிப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். இரவில் நேரம் இருந்தால் பள்ளியறை பூஜை வரை இருங்கள். சொக்கநாதர் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எழுந்தருளும் அந்த நேரம் கூட்டம் குறைந்து, கோயிலின் நீளமும் அமைதியும் தெரியும்.

2018 பிப்ரவரி 2 இரவு கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீர வசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்தது. உள்ளே இருந்த கடைகள் எரிந்தன, மண்டபத்தின் ஒரு பகுதி இடிந்தது. அந்த ஆண்டிலிருந்து செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாசல்களிலேயே செல்போனும் செருப்பும் வைக்க இடம் இருக்கிறது. எந்த வாசலில் வைத்தீர்களோ அந்த வாசலுக்கே திரும்ப வர வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். தெற்கு வாசலில் வைத்துவிட்டு வடக்கு வாசலில் வெளியேறினால், வெயிலில் வெறுங்காலோடு அரைச் சுற்று நடக்க வேண்டி வரும்.

படம் எடுக்க முடியாதே என்று வருந்த வேண்டாம். கையில் கருவி இல்லாததால் கண் வேலை செய்கிறது. ஆயிரங்கால் மண்டபத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பெயர் ஆயிரங்கால், தூண்கள் 985. எங்கிருந்து பார்த்தாலும் தூண்கள் வரிசை குலையாமல் ஓடும். ஆடி வீதியில் வடக்குக் கோபுரத்துக்கு அருகே இசைத்தூண்கள். முக்குறுணி விநாயகர் முன் நிற்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: திருமலை நாயக்கர் தெப்பக்குளம் தோண்டியபோது கிடைத்தவர் இவர் என்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1939 ஜூலை 8-ஆம் தேதி, அதுவரை உள்ளே விடப்படாதிருந்த தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு அ. வைத்தியநாத ஐயர் இந்தக் கோயிலுக்குள் நுழைந்தார். எல்லோரையும் உள்ளே விடும் வரை வர மாட்டேன் என்றிருந்த காந்தி அதன் பிறகு, 1946-இல்தான், மீனாட்சியைத் தரிசித்தார். இன்று நாம் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பதற்குப் பின்னால் அந்தக் காலை இருக்கிறது.

புதுமண்டபத்தில் தையல்காரர்கள் இருப்பார்களே, இப்போதும் இருக்கிறார்களா?

இல்லை. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் அது. தலைமுறை தலைமுறையாக அதற்குள் தையல் இயந்திரங்கள் ஓடின. அழகர் திருவிழாவுக்கு வேடம் போடுகிறவர்களின் உடை, சாமிக்குச் சாத்தும் துணி, பாத்திரம், வளையல், கதைப் புத்தகம் எல்லாம் தூணுக்குத் தூண் கிடைத்தன. அந்தக் கடைகளை அருகே மாநகராட்சி கட்டிய குன்னத்தூர் சத்திரம் வணிக வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். தையல்காரர்களையும் பாத்திரக்காரர்களையும் அங்கே தேடுங்கள். கல்தூணில் சாய்ந்து துணி தைத்துப் பழகிய குடும்பங்கள் அவை. இடம் மாறியது தெரியாமல் ஆட்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள் என்பது அவர்களுக்குப் பெரிய கவலை. ஒரு தலையணை உறையோ குழந்தைக்கு ஒரு பாவாடையோ தைக்கக் கொடுத்தால்கூட உதவி.

மண்டபத்தின் சிற்பங்கள் கடைகளின் சுமையிலிருந்து விடுபட்டது நல்லதுதான். நாயக்க அரசர்கள் தங்கள் மனைவியரோடு ஆளுயரத்தில் கைகூப்பி நிற்கிறார்கள். தொந்தியோடு நிற்பவர் திருமலை நாயக்கர்.

புதுமண்டபத்தைக் கடந்து கிழக்கே போனால் எழுகடல் தெரு. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை நீராட ஏழு கடலையும் சிவன் ஓரிடத்தில் வரவழைத்தார் என்ற திருவிளையாடல் கதை இந்த இடத்துக்கு உரியது. குளம் இன்று இல்லை. அங்கே ராயகோபுரத்தின் அடித்தளம் மட்டும் கடைகளுக்கு நடுவே நிற்கிறது. திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காமல் விட்டது. வாசல் நிலையின் ஒற்றைக் கல் தூண்களை நிமிர்ந்து பாருங்கள். கட்டி முடித்திருந்தால் தெற்குக் கோபுரம் சிறியதாகியிருக்கும் என்பது அந்த அடித்தளத்தின் அகலத்திலேயே தெரியும்.

எந்தத் தெருவில் எதை வாங்குவது?

மதுரையில் கடை தேடக் கூடாது, தெருவைத் தேட வேண்டும். ஒரு சரக்கு ஒரு தெருவில்தான் குவிந்திருக்கும். இது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு மதுரையைச் சுற்றிப் பார்க்கப் போகிறான். ஊர்காண் காதை முழுவதும் அந்த நடைதான். மணி விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, துணி விற்கும் அறுவை வீதி, தானியம் விற்கும் கூல வீதி என்று வரிசையாக வருகிறது. மதுரைக்காஞ்சி பகல் கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் தனித்தனியே பாடுகிறது. இந்த ஊரைப் பார்ப்பதும் கடைத்தெருவில் நடப்பதும் அன்றைக்கே ஒரே வேலையாகத்தான் இருந்திருக்கிறது.

இன்றைய கணக்குக்கு வருவோம். நகை என்றால் தெற்கு ஆவணி மூல வீதி. பெரிய கடைகளுக்கு நடுவே மாடிப்படி ஏறிப்போனால் சிறிய பட்டறைகள் இருக்கும். அறுந்த சங்கிலியை ஒட்டவும் திருகாணி மாற்றவும் அங்கேதான் போக வேண்டும்.

பலசரக்கு என்றால் கீழமாசி வீதி. மொத்தக் கடைகள். தெருவுக்குள் நுழையும் முன்பே மிளகாய் வத்தலும் மல்லியும் பெருங்காயமும் மூக்கில் ஏறும். சுமை தூக்குகிறவர்கள் மூட்டையோடு வேகமாக வருவார்கள், அவர்களுக்கு முதலில் வழிவிடுங்கள். சில்லறையாகவும் கொடுக்கிற கடைகள் உண்டு. புளி, குண்டு மிளகாய், விரலி மஞ்சள் இங்கே வாங்கினால் தரம் கண்ணெதிரே தெரியும். பிரித்துப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

துணி என்றால் விளக்குத்தூணில் தொடங்கித் தெற்கு மாசி வீதி, பத்துத்தூண் சந்து. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் வெண்கலக்கடைத் தெருவும் எழுகடல் தெருவும். வளையலுக்கு வளையல்காரத் தெரு. பழத்துக்கு யானைக்கல். குங்குமம் மட்டும் அம்மன் சன்னதியிலேயே வாங்குங்கள். மதுரைத் தாழம்பூக் குங்குமத்துக்குத் தனி மணம்.

பித்தளை விளக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். கையில் தூக்கிப் பாருங்கள். எடைக்கு விலை போடுவார்கள் என்பதால் அடிப்பகுதியில் வேறு எதையும் நிரப்பிக் கனமாக்கியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்ப்பது தவறில்லை. தட்டிப் பார்த்தால் வெண்கலம் நீண்டு ஒலிக்கும்.

சுங்குடிச் சேலை என்று எல்லாக் கடையிலும் எழுதியிருக்கிறதே. எது உண்மையான சுங்குடி?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி. சுங்குடி மதுரைச் சௌராஷ்டிர மக்களின் கைவேலை. குஜராத்திலிருந்து தெற்கே வந்து விஜயநகரம் வழியாக மதுரையில் குடியேறி, திருமலை நாயக்கர் அரண்மனையான மஹாலைச் சுற்றிய தெருக்களில் நெசவும் சாயமும் செய்து வாழ்ந்தவர்கள் அவர்கள். பருத்திச் சேலையில் துளித்துளியாகத் துணியைக் கிள்ளி நூலால் இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். வீட்டுப் பெண்கள்தாம் நாள்கணக்கில் உட்கார்ந்து போடுவார்கள். பிறகு சாயத்தில் முக்கினால் முடிச்சுக்குள் சாயம் ஏறாது. பிரித்தால் அங்கே வெள்ளைப் புள்ளி. 2005-இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இன்று கடையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி முடிச்சுப் போட்டதல்ல. மெழுகு வைத்தோ அச்சிலோ புள்ளி எடுத்தது. அவையும் கட்டிக்கொள்ள நன்றாகவே இருக்கும், வெயிலுக்கு ஏற்ற துணி, விலையும் கைக்கு அடங்கும். அச்சு என்று தெரிந்து அச்சின் விலை கொடுத்து வாங்கினால் ஒரு குறையும் இல்லை. முடிச்சுச் சேலை என்று சொல்லி அச்சைக் கொடுப்பதுதான் தவறு.

கண்டுபிடிப்பது கடினமில்லை. முடிச்சுச் சுங்குடியில் எந்த இரண்டு புள்ளியும் ஒரே மாதிரி இராது. வட்டம் சற்றுக் கோணியிருக்கும், சிலவற்றின் நடுவில் சாயம் ஒரு துளி கசிந்திருக்கும். புதுச் சேலையைத் தடவினால் முடிச்சு இருந்த இடம் விரலில் சின்னச் சுருக்கமாகத் தட்டும். துணியின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறம். அச்சில் புள்ளிகள் அளந்து வைத்தாற்போல் இருக்கும், தட்டையாக இருக்கும், பின்பக்கம் வெளுத்திருக்கும். சேலையைப் பிரித்துக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள். "கையால முடிச்சுப் போட்டதா, பிரிண்டா?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் நேராகவே பதில் சொல்வார்கள். கேட்கிற ஆள் கூடினால்தான் முடிச்சுப் போடுகிற கையும் நிலைக்கும். கூலி கட்டாமல் அந்த வேலையை விட்டுவிட்ட வீடுகள் பல.

வீட்டுக்குப் போனதும் முதல் இரண்டு மூன்று சலவையைத் தனியாக, உப்புத் தண்ணீரில் செய்து, நிழலில் காயப்போடுங்கள்.

மஹாலில் என்ன பார்க்க வேண்டும்?

விளக்குத்தூணிலிருந்து தெற்கே சில நிமிட நடை. 1636-இல் திருமலை நாயக்கர் கட்டியது. உள்ளே நுழைந்ததும் திறந்த முற்றம், மூன்று பக்கமும் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தடிமனில் தூண்கள். இவை கல் அல்ல. செங்கல்லும் சுண்ணாம்பும், மேலே முட்டை வெள்ளை சேர்த்துக் குழைத்த சாந்தைப் பூசித் தேய்த்த மெருகு. எதிரே கவிகை மாடத்தோடு இருப்பது சொர்க்க விலாசம், அரசர் கொலுவீற்றிருந்த இடம். பக்கத்தில் நாடகசாலை.

நாம் காண்பது பழைய அரண்மனையில் ஏறக்குறைய கால்பங்குதான் என்பார்கள். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பல பகுதிகளைப் பெயர்த்தெடுத்துப் போனார். மிஞ்சியதும் சிதைந்து கிடந்தபோது, சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு 1860-களின் பிற்பகுதியில் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார்.

போன கால்பங்குகளில் ஒன்றின் மிச்சத்தைத் தேடி வந்த வழியே திரும்புங்கள். விளக்குத்தூணுக்கு அருகே ஜவுளிச் சந்துக்குள் பத்துத்தூண். ரங்கவிலாசம் என்ற மாளிகையின் தூண்கள் கடைப் பெயர்ப்பலகைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் இடையே வரிசையாக நிற்கின்றன. மஹாலில் சீட்டு வாங்கிப் பார்த்த தூணும் இதுவும் ஒரே அரண்மனை என்று மனத்தில் இணைத்துப் பாருங்கள், அந்த அரண்மனை எவ்வளவு பரந்திருந்தது என்பது அப்போதுதான் காலுக்குப் புரியும். என்னைக் கேட்டால் மஹாலைவிடப் பத்துத்தூண் முக்கியம். ஆனால் மஹாலைப் பார்த்த பிறகுதான் பார்க்க வேண்டும்.

மல்லிகைப்பூ வாங்கி ஊருக்குக் கொண்டுபோகலாமா?

காலையில் அரும்பாக வாங்கினால் போகலாம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதழ் தடிமனாக இருப்பதால் வாட நேரம் ஆகும், மணமும் நிற்கும். விடியற்காலையில் பறித்த மொட்டு சாயங்காலம்தான் விரியும். ஆகவே மாலையில் தலையில் வைத்துக்கொள்ள மதியத்துக்குப் பின் வாங்குங்கள். பயணத்துக்கு என்றால் காலையில் வாங்கி வாழையிலையில் சுற்றித் தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் போட்டால் வேர்த்துப் பழுத்துவிடும்.

பங்குனி முதல் பூ நிறைய வரும், விலை இறங்கும். மார்கழி, தை மாதப் பனியில் வரத்து சுருங்கி விலை பல மடங்கு ஏறும். முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு முழம் விலை அதிகமாகச் சொன்னால் பூக்கார அம்மாவோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். மாட்டுத்தாவணிச் சந்தையில் அவர் அதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வாங்கி வந்திருப்பார். நெருக்கமாகக் கட்டியதா, இடைவெளி விட்டுக் கட்டியதா என்று மட்டும் பாருங்கள்.

பேரம் பேசலாமா?

நடைபாதைக் கடையிலும் பித்தளைக் கடையிலும் பேசலாம். நகைக்கடையில் செய்கூலி, சேதாரத்தில் பேசலாம். பலசரக்கிலும் சாப்பாட்டிலும் பேச ஒன்றுமில்லை.

நடுவே பசித்தால்?

காலையில் இட்லியும் நான்கு வகைச் சட்னியும். மதியம் அசைவக்காரர்களுக்கு அயிரை மீன் குழம்பு கிடைத்தால் விடாதீர்கள். கறிதோசைக்கு வடக்கே சிம்மக்கல் பக்கம் போக வேண்டும்: கெட்டியான தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் ஆட்டுக்கறி மசாலா, ஒன்று போதும். வெயில் சாய்ந்ததும் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வரும். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு சேர்த்துக் காய்ச்சியது. நடந்து களைத்த காலுக்கு அதற்கு ஈடு இல்லை. ராத்திரி பரோட்டா, சால்னா.

ஜிகர்தண்டாவை எங்கும் குடிக்கலாம் என்றாலும் விளக்குத்தூண் பக்கம் குடிப்பதுதான் முறை. சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம். பிசின் வழுவழுப்பு முதல் தடவை சிலருக்குப் பிடிக்காது. சிறிய கிளாஸில் தொடங்குங்கள்.

காந்தி மதுரையில்தான் அரையாடைக்கு மாறினார் என்கிறார்களே, அந்த இடம் எங்கே?

மேலமாசி வீதி, 251-ஏ எண் வீடு. 1921 செப்டம்பர் 22 அன்று, அந்த வீட்டின் மாடியில் தங்கியிருந்தபோதுதான் முழு உடையைத் துறந்து இடுப்பில் முழத்துண்டோடு வெளியே வந்தார். வழியெல்லாம் கண்ட ஏழைகளுக்கு உடுத்தத் துணியில்லை, கதர் வாங்கக் காசில்லை என்பது அவரை அரித்திருந்தது. இன்று அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கதர்க் கடை நடக்கிறது. ஒரு துண்டோ வேட்டியோ வாங்க மதுரையில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அந்த உடையில் அவர் மக்கள்முன் பேசிய இடம் கிழக்கே காமராசர் சாலையில் காந்தி பொட்டல் என்று வழங்குகிறது.

அதே மேலமாசி வீதியில் இம்மையிலும் நன்மை தருவார் கோயிலும் மதனகோபால சுவாமி கோயிலும் இருக்கின்றன. மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த தூண்களை 1912-இல் மதுரைக்கு வந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி வாங்கிப் போனார். அவை இன்று பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் ஒரு முழு மண்டபமாக நிற்கின்றன. பத்துத்தூணை நாம் வைத்திருக்கும் நிலையையும் அதையும் சேர்த்து நினைத்தால் மனது பாரமாகிறது.

மீனாட்சி கோயில் தவிர வேறு எங்கே கும்பிடலாம்?

பெரியார் நிலையத்துக்குப் பின்னால் கூடலழகர் கோயில். பெருமாள் ஒரே விமானத்தின் மூன்று தளங்களில் இருந்தும் நின்றும் கிடந்தும் காட்சி தருகிறார். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் காஜிமார் பெரிய பள்ளிவாசல், மதுரையின் மிகப் பழைய பள்ளிவாசல். கீழ வெளி வீதியில் புனித மரியன்னை பேராலயம், இரட்டைக் கோபுரம் தூரத்திலேயே தெரியும். மூன்றையும் ஒரே மாலையில் நடந்து பார்த்துவிடலாம்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

நடப்பதற்கு மார்கழி, தை. ஊரைப் பார்ப்பதற்குச் சித்திரை. மீனாட்சி திருக்கல்யாணம், மறுநாள் தேரோட்டம், சித்ரா பௌர்ணமியில் அழகர் ஆற்றில் இறங்குவது. அந்த நாள்களில் கடையில் நின்று நிதானமாக வாங்க முடியாது, வாங்கவும் வர வேண்டாம். கூட்டத்தோடு கலக்க மட்டும் வாருங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் விளக்குத்தூணிலும் மாசி வீதிகளிலும் நடைபாதைக் கடைகள் நிரம்பி வழியும். ஆசையிருந்தால் வரலாம், முதியவர்களை அழைத்து வராதீர்கள், குழந்தையின் கையை விடாதீர்கள்.

எந்த மாதமானாலும் பதினொன்று முதல் நான்கு வரை நடக்க வேண்டாம். கோயிலும் சாத்தியிருக்கும், தரையும் கொதிக்கும். சாப்பிட்டு உறங்கி எழுந்தால் மாலை முழுக்க உங்களுடையது. கடைத்தெரு இரவு ஒன்பது வரை தாராளமாக இருக்கும்.

முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்து வரலாமா?

தாராளமாக. சித்திரை வீதிகளில் பேட்டரி கார் ஓடுகிறது. கோயிலுக்குள் தூரம் அதிகம் என்பதால் முன்கூட்டியே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். மாசி வீதிக் கடைகளுக்கு அவரை நடத்திக் கூட்டிப் போவதைவிட, பார்க்க விரும்பும் கடையை முடிவு செய்துகொண்டு அந்தத் தெருமுனை வரை ஆட்டோவில் இறக்கிவிடுங்கள். காரில் வருகிறவர்கள் பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் கட்டியிருக்கும் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடக்கலாம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்த வரிசையில் நடப்பது?

ஐந்தரைக்குக் கோயில். எட்டு மணிக்கு வெளியே வந்து இட்லி. சித்திரை வீதியில் ஒரு சுற்று, புதுமண்டபம், ராயகோபுரம், விட்டவாசல். பிறகு கீழமாசி வீதி வழியாக விளக்குத்தூண், அங்கிருந்து மஹால், திரும்பி வரும்போது பத்துத்தூண். அதற்குள் பதினொன்று ஆகிவிடும். சேலை எடுக்கிறவர்கள் அந்த வெயில் நேரத்தைத் துணிக்கடைக்குள் கழிக்கலாம். நான்கரைக்கு மேலமாசி வீதி, காந்தி இருந்த வீடு, கூடலழகர். இருட்டியதும் தெற்கு ஆவணி மூல வீதி விளக்கு வெளிச்சத்தில் நடந்து, பூ வாங்கிக்கொண்டு, பள்ளியறை பூஜைக்குக் கோயில்.

நடந்து போக முடியாதவை எவை?

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் கிழக்கே சில கிலோமீட்டர். பஸ் இருக்கிறது, மாலையில் போங்கள். காந்தி நினைவு அருங்காட்சியகம் வைகைக்கு அக்கரையில், ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இருக்கிறது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த இரத்தக் கறை படிந்த துணி அங்கே காட்சிக்கு இருக்கிறது, மேலமாசி வீதி வீட்டைப் பார்த்தவர்கள் இதையும் பார்க்க வேண்டும். திருப்பரங்குன்றத்துக்கும் அழகர்கோயிலுக்கும் தனித்தனியாக அரை நாள் வேண்டும். 2023-இல் அருங்காட்சியகம் திறந்த பிறகு கீழடிக்கும் ஒரு காலைப்பொழுது தேவை. இவற்றை மேலே சொன்ன ஒரு நாளுக்குள் திணிக்காமல் இன்னொரு நாள் தங்குங்கள்.